உரிமையாளர் காலமானதாகக் கருதப்படும்

பிப்ரவரி 11, புதன்

என் கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டதாம். இந்தச் செய்தியைப் போனில் கேட்டபோது நான் கடைக்குள்தான் உட்கார்ந்து, ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன்.

சொன்னவர் கல்லூரியின் பர்ச்சேஸ் ஆபீசர் தனசேகர். அவர்களுக்கு ஹாஸ்டல், கேன்டீன், தோட்டம் எல்லாம் சேர்த்து முப்பத்தொரு மோட்டார். எரிந்துபோனால் காயில் கட்டித் தருகிற வருஷ ஒப்பந்தம் நாலு வருஷமாக எங்களிடம் இருக்கிறது. இந்த வருஷம் புது விதி போட்டிருக்கிறார்களாம். தொழில்முகம் என்று ஒரு இணையதளம், எந்த ஊரில் எந்தக் கடை என்று தகவல் சொல்கிற இடம். அதில் ஐந்து வருஷப் பதிவு இருந்து, 'இயங்குகிறது' என்று பச்சையில் காட்டினால்தான் ஒப்பந்தம். எங்கள் பேரைத் தட்டினால் சிவப்பில் வருகிறதாம்.

"நிரந்தரமாக மூடப்பட்டதுன்னு இருக்குதுங்கம்மா. அதுக்குக் கீழ உரிமையாளர் காலமானார்னு வேற போட்டிருக்குது. சார் தவறிட்டாருங்களா? எனக்குத் தெரியவே தெரியாதுங்களே," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"இல்லீங்க. வெளியூர் போயிருக்காருங்க."

"அப்ப மார்ச் இருபதுக்குள்ள அதைச் சரி பண்ணிருங்க. அதுக்கு மேல என்ற கையில இல்லீங்க."

போனை வைத்த பிறகு மோட்டாரின் அந்த ஸ்லாட்டில் கம்பியை எத்தனை சுற்று போட்டேன் என்பது மறந்துவிட்டது. பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் எண்ணிக்கை தப்பியது இது மூன்றாவது முறை. முதல் முறை கடை ஆரம்பித்த மாதம், மகள் ஓவியா காய்ச்சலில் கிடந்தபோது. இரண்டாவது முறை போன ஆகஸ்டில்.

அந்தக் கல்லூரி வேலை போனால் கூட வேலை செய்கிற பாப்பாத்தி அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள்கூட வேலை கொடுக்க முடியாது. எனக்கும்தான்.

பிப்ரவரி 12

தொழில்முகத்தைத் திறந்து பார்த்தேன். 'ஓவியா காயில் ஒர்க்ஸ், கணபதி, கோயம்புத்தூர்.' கடையின் படமும் இருக்கிறது. ஷட்டர் இறங்கியிருக்கிறது, அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. பெரிய மீசையும் கூப்பிய கையுமாக எங்கள் பில்டிங் ஓனர் சென்னியப்பன்.

விஷயம் புரிந்துவிட்டது. ஜனவரி ஒன்பதாம் தேதி அவர் தவறினார். கட்டடத்தில் இருக்கிற ஐந்து கடைகளில் என்னுடையதுதான் மெயின் ரோட்டைப் பார்த்தது. அவருடைய மகன்கள் வந்து கேட்டார்கள், என் ஷட்டரில் கட்டச் சொன்னேன். கருமாதி முடியும்வரை பதினோரு நாள் கடையைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் வாடகைக்கு இருந்த இடம், அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி. படத்துக்குக் கீழே பேர், வயது, பிறகு கொட்டை எழுத்தில் 'உரிமையாளர்'. அதற்கடுத்த வரியில் காம்ப்ளக்ஸின் பேர் இருந்தது. அது ஃபிளெக்ஸின் மடிப்பில் போய்விட்டது. தொழில்முகத்துக்காகத் தெருத்தெருவாக வந்து சரிபார்க்கும் ஆள் அந்த வாரம் வந்திருக்கிறான். மூடின ஷட்டர், அஞ்சலி ஃபிளெக்ஸ், உரிமையாளர். நம் ஊரில் யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆனால் பதிவில் உரிமையாளர் என்று என் வீட்டுக்காரர் குழந்தைவேலின் பேர் இருக்கிறது. ஃபிளெக்ஸில் சென்னியப்பன் என்று இருக்கிறது. இரண்டையும் ஒரு தரம் சேர்த்துப் படிக்க அவனுக்கு நேரமில்லை.

பிப்ரவரி 13

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் வீணை வாசித்துக் காட்டிவிட்டு ஒரு பெண் வந்தாள். பேர் பிரவீணா. நல்ல குரல்.

"திருத்தணும்னா பதிவான நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்புவோம் மேடம். அதைச் சொல்லுங்க."

"அது என்ற நம்பர் இல்லீங்க. என்ற வீட்டுக்காரரோடது."

"அப்ப சார்கிட்ட வாங்கிச் சொல்லுங்க மேடம்."

"அவர் காலமாயிட்டாருன்னு நீங்கதானுங்களே போட்டிருக்கறீங்க."

எங்கேயோ எழுதி வைத்திருந்ததை எடுத்துப் படித்தாள். நாலாவது நிபந்தனை. பதிவின் நிலை மாறும்போது பதிவான எண்ணுக்கு அறிவிப்புப் போகும். பதினைந்து நாளில் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். ஜனவரி இருபத்தொன்றில் அறிவிப்பு போயிருக்கிறது. படித்ததற்கான அடையாளமும் இருக்கிறதாம்.

"உங்க சைடுல இருந்து ஆட்சேபம் வரலை மேடம்."

என் சைடாம். சரி.

ஆக, ஜனவரி இருபத்தொன்றிலேயே அவருக்குத் தெரியும்.

மாவுக்கு ஊறப்போட வேண்டும்.

பிப்ரவரி 14

மாவு புளிக்கவில்லை. தோசைதான்.

பிப்ரவரி 16

ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அந்த நிபந்தனைகள் முழுவதையும் தமிழில் அச்செடுத்தேன். பதினாலு பக்கம். 'தளத்தைப் பயன்படுத்துவதற்கான முக்கிய நிபந்தனைகள்' என்று மேலே போட்டிருக்கிறது. முக்கியமில்லாதவை எத்தனை பக்கமோ.

மத்தியானம் சாப்பிட்டதும் பாப்பாத்தி அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாப்பாத்தி அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பதினோரு வருஷமாக என்னோடு காயில் கட்டுகிறார். ஒரு வரி படித்தால் ஒரு வரி பதில் சொல்லாமல் விடமாட்டார்.

'இத்தளத்தில் உள்ள தகவல்கள் உள்ளது உள்ளபடியே வழங்கப்படுகின்றன. அவை சரியானவை என்று நிறுவனம் உத்தரவாதம் அளிக்கவில்லை' என்று படித்தேன்.

"தப்பா இருந்தா நாங்க பொறுப்பில்லைங்கறானா?"

"ஆமாங்கக்கா."

"நாம காயிலைக் கட்டிக் குடுத்துட்டு, ஓடினா ஓடுது, ஓடாட்டி நாங்க பொறுப்பில்லைன்னு சொல்லிப் பாரு. மோட்டாரைத் தூக்கி நம்ம தலையிலயே போட்டுட்டுப் போவானுக."

பக்கத்துக்குப் பத்து 'கருதப்படும்' இருக்கிறது. தளத்தைத் திறந்தாலே எல்லாம் படித்ததாகக் கருதப்படும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சரி என்றதாகக் கருதப்படும். இவர்கள் கருதுவதற்கு நாம் ஒன்றும் செய்யவே வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

இந்தப் பதிவு எப்படி அவர் பேரில் போனது என்று அக்கா கேட்டார். ஐந்தரை வருஷத்துக்கு முன்னால் தொழில்முகத்திலிருந்து ஒரு பையன் டேப்லெட்டோடு வந்தான். எனக்குக் கையெல்லாம் வார்னிஷ். போனைத் தொட முடியாது. அவர் அப்போதுதான் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். அவருடைய நம்பர், அவருடைய பேர், அவர் தட்டின 'ஏற்கிறேன்'. இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

காயில் கட்டுவது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். பம்ப் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் ஆறு வருஷம் இருந்தேன். அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆர்டர் பிடிப்பார், மோட்டாரை வண்டியில் ஏற்றி இறக்குவார். அதையும் நன்றாகவே செய்தார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 18

நாமக்கல் ஹாஸ்டலிலிருந்து ஓவியா பேசினாள். சாயங்காலம் அரை மணி நேரம். கல்லூரி ஒப்பந்தம் விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அக்கா வேலையாகத்தான் இருக்கும்.

"நான் வேணும்னா அப்பாகிட்ட அந்த ஓ.டி.பி. கேட்டு வாங்கித் தரட்டுமாம்மா?"

"வேண்டாம்."

"ஒரு மெசேஜ்தானேம்மா."

"எனக்கு வேணுங்கறதை நான் கேட்டுக்குவேன் கண்ணு. நீ படி."

போன வாரம் பல்லடம் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாளாம். என்னிடம் சொல்லத் தயங்கிச் சொன்னாள். நல்ல வீடாம், காற்றோட்டமாக இருக்கிறதாம். வாசலில் பெரிய புள்ளிக் கோலம் போட்டிருந்ததாம்.

அவருக்குக் கோலம் போடத் தெரியாது.

பல்லடத்தில் ஒரு வேலை, ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் போனார். கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது மாதம் நடக்கிறது.

பிப்ரவரி 20

இன்று வேலை குறைவு. தொழில்முகத்தில் வாடிக்கையாளர்கள் எழுதியிருக்கிற கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அறுபத்து நாலு இருக்கிறது. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே போனேன். நாற்பத்தொன்றில் 'அக்கா' என்று இருக்கிறது. 'அக்கா கட்டுன காயில் மூணு வருஷமா ஓடுது.' 'அக்கா இருக்கும்போது குடுங்க.' 'அந்த அக்கா மோட்டார் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிருவாங்க.' இரண்டில் அவர் வருகிறார். ஒன்று, ஓனர் போனை எடுப்பதில்லை. இன்னொன்று, ஓனர் சொன்ன தேதியில் தரவில்லை.

படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. யாரும் என் முகத்துக்கு நேரே இதைச் சொன்னதில்லை.

பிறகு அதே பக்கத்தில் மேலே பார்த்தேன். அவர் நிரப்பின விவரம். உரிமையாளர்: குழந்தைவேல். ஊழியர்கள்: இரண்டு.

அந்த நாளில் கடையில் மூன்றே பேர்தான். அவர், பாப்பாத்தி அக்கா, நான். இரண்டு என்றால் அது யார் யார் என்று யோசிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு வந்த கோபம் இதை எழுதும்வரை இறங்கவில்லை. ஆகஸ்டில்கூட இவ்வளவு கோபம் வரவில்லை.

பிப்ரவரி 23

பிரவீணாவே கூப்பிட்டாள். எனக்காகக் கேட்டுப் பார்த்தாளாம்.

"ஒரு வழி இருக்கு மேடம். நிபந்தனை ஒன்பது. கணக்குதாரர் காலமாயிட்டா, வாரிசு அந்தக் கணக்கை எடுத்துக்கலாம். அஞ்சு வருஷம், கருத்துகள், எல்லாம் அப்படியே வந்துரும்."

"அதுக்கு இறப்புச் சான்று வேணுமே கண்ணு."

"சிஸ்டத்துல காலமானது ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டதுன்னு இருக்கு மேடம், அந்தப் போட்டோவை வச்சு. அதனால சான்று கேக்கலை. நீங்க ஒரே ஒரு பெட்டியில டிக் போட்டாப் போதும். நான் கணக்குதாரரின் விதவைன்னு."

லிங்க் அனுப்பியிருக்கிறாள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பச்சை.

பிப்ரவரி 24

பாப்பாத்தி அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "போட்டுத் தள்ளு அம்மணி. அவனுகளே கொன்னு போட்டாங்க, பாவம் உனக்கில்ல."

"பொய்யில்லீங்களாக்கா?"

"பொய்யா? இந்த ஏழு மாசத்துல செத்தவன் எப்படி இருப்பானோ அப்படித்தானே இருந்திருக்கான்."

சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். தாலி வைண்டிங் மெஷினில் மாட்டிக்கொள்கிறது என்று கழற்றி டப்பாவில் வைத்தேன். வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் வைத்தேன். அது நவம்பரில்.

பிப்ரவரி 25

அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விரலை வைத்தால் தீர்ந்தது. கல்லூரி வேலை வரும். ஓவியா படிப்பு நிற்காது. அவர் போய்க் கேட்டாலும் செத்தவரிடம் யார் பேசப்போகிறார்கள்.

போடவில்லை.

நியாயவாதி என்பதால் இல்லை. அவரை நினைத்துப் பரிதாபப்பட்டும் இல்லை. விதவை என்று டிக் போட்டால், கடை அவருடையது, அவர் போனதால் எனக்கு வந்தது என்று நானே எழுதிக்கொடுத்ததாகிவிடும். என் கடையை நான் யாரிடமிருந்தும் வாரிசாக வாங்க மாட்டேன். என் கையால் கட்டின காயில் ஒவ்வொன்றும் இந்தக் கோயம்புத்தூரில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. அது போகட்டும், அவர் சாவதாக இருந்தால் அவரே செத்துக்கொள்ளட்டும். அந்த வேலையையும் நான்தான் செய்து கொடுக்க வேண்டுமா.

லிங்க்கை அழித்துவிட்டேன். அக்கா நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

மார்ச் 1

தனசேகர் சார் ஞாபகப்படுத்தினார். இருபது நாள்கூட இல்லை என்றார். "சரி பண்ணிருவேனுங்க," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

புதிதாக என் பேரில் பதிவு போடலாம். ஆனால் அது ஒரு நாள் வயசுள்ள கடையாகத்தான் இருக்கும். கல்லூரிக்கு ஐந்து வருஷம் வேண்டும்.

மார்ச் 4

ஓவியா போன். அப்பா ரொம்ப வருத்தமாக இருக்கிறாராம்.

பல்லடத்தில் அவர் கடை போடுகிறாராம். ஒரு மோட்டார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டராக விண்ணப்பித்திருக்கிறார். கம்பெனிக்காரன் தொழில்முகத்தில் பேரைத் தட்டிப் பார்த்திருக்கிறான். காலமானார் என்று வந்திருக்கிறது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரில் போய் நின்றாராம். ஆள் நிற்கிறார் என்பது தெரிகிறது, ஆனால் பதிவில் இல்லையே என்றார்களாம்.

கடையில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சிரிக்காதம்மா. இங்க மூடினதா இருந்தா அந்தப் பழைய பதிவைப் பல்லடத்துக்கு மாத்திக்கலாம்னுதான் அவரு அந்த மெசேஜுக்குப் பதில் போடாம விட்டாராம். மூடினதா மட்டும்தான் மெசேஜ் வந்துச்சாம். தான் செத்ததாப் போட்டிருக்காங்கன்னு அவருக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அறுபத்து நாலு கருத்தும், நாற்பத்தொரு அக்காவும், பல்லடத்துக்குப் போயிருக்கும்.

மார்ச் 6

அவர் கணபதிப் பக்கம் வந்து, என்னிடம் வராமல் பாப்பாத்தி அக்காவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். உயிரோடு இருப்பதாகத் திருத்துவதற்கு, பதிவான விலாசத்தில் ஐந்து வருஷமாவது வேலை செய்கிற ஒருவர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிபந்தனை பன்னிரண்டு. அப்படிப்பட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான்.

"நான் இருக்கறேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கான்னு நிக்கறான்," என்று அக்கா சொன்னார்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"எனக்குக் கண்ணு மங்கலுங்க, இருக்கறீங்களா இல்லையான்னு சரியாத் தெரியலைன்னு சொன்னேன்."

முடி கனத்துக் கம்பியைக் கண்ணாடி போடாமல் கோக்கிறவர். என்னோடு மறுபடி பேசத் தொடங்கிவிட்டார் என்பதில் எனக்கு நிம்மதி.

பதினாலு பக்கத்தில் பன்னிரண்டாவது நிபந்தனையை மட்டும் நாலு முறை படித்தேன்.

மார்ச் 7

பிரவீணாவிடம் பேசினேன்.

"பன்னெண்டாவதுல ஒரு சந்தேகம் கண்ணு. சான்று குடுக்கறவங்க அந்த விலாசத்துல இப்ப நடக்கற தொழிலைப் பத்தி எழுதணும்னு இருக்குது. அந்த விவரமெல்லாம் பதிவுல ஏறுமா?"

"ஏறும் மேடம். கணக்குதாரர் அதைப் படிச்சு, தன் கையெழுத்தையும் போட்டுச் சமர்ப்பிச்சா, சான்றுல இருக்கறது எல்லாத்தையும் அவர் ஏத்துக்கிட்டதாக் கருதப்படும். பழைய விவரத்துக்குப் பதிலா அதான் நிக்கும்."

"உரிமையாளர்ங்கற இடத்துலயும்?"

விசைப்பலகை சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த இடத்துலயும்தான் மேடம். தொழில் அந்த விலாசத்தோடதான். வருஷம், கருத்து எதுவும் மாறாது."

"அவருக்கு உயிர் வந்துருமா?"

"வந்துரும் மேடம். அவர் வேற ஊர்ல புதுசாப் பதிவு பண்ணிக்கலாம்."

நன்றி சொன்னேன். இந்த அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது மேடம் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது.

மார்ச் 9

அவர் வந்தார். பதினொரு மணிக்கு. செருப்போடு தாண்டக் கூடாது என்று வாசலில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்கு ஒரு அடி வெளியே நின்றார். முன்பெல்லாம் செருப்போடு நேராக உள்ளே வருவார்.

கொஞ்சம் இளைத்திருக்கிறார். சட்டை புதிது, தேய்த்திருந்தது. வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"நல்லாருக்கியா புள்ள?"

"வேலை இருக்குதுங்க. சொல்லுங்க."

"ஒரே ஒரு கையெழுத்து. நான் உயிரோட இருக்கறேன்னு."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? ஏழு மாசமா ஒரு போன் வரலையே."

பாப்பாத்தி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர் தன் ஃபாரத்தை ஸ்டேட்டரின் மேல் வைத்தார். அது காயில் கட்டி, வார்னிஷ் காய்வதற்காக வைத்திருந்த ஸ்டேட்டர். எடுக்கச் சொன்னேன், எடுத்தார்.

"அந்தப் பதிவு என்ற பேர்லதான புள்ள இருக்குது. நான் பல்லடத்துக்கு மாத்திக்கறேன். நீ புதுசா ஒண்ணு போட்டுக்க. உனக்கென்ன, எல்லாரும் உன்னைத் தேடித்தான் வர்றாங்க."

"அது உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியாம என்ன."

"அப்புறம் எதுக்கு ஊழியர்கள் ரெண்டுன்னு போட்டீங்க?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எதைச் சொல்கிறாய் என்பதுபோல அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு அதைப் போடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"ஃபாரத்தை வச்சுட்டுப் போங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். வியாழக்கிழமை வாங்க."

"மூணு நாளா? ஒரு கையெழுத்துக்கா?"

"நானும் ஏழு மாசமாக் காத்துட்டுத்தான இருக்கறேன்."

சொல்லியிருக்க வேண்டாம். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அவரிடமே சொல்லிவிட்டேன்.

மார்ச் 10

பத்து எச்.பி. மோட்டார் ஒன்று, மூன்று மோனோபிளாக் பம்ப். அக்காவுக்கு முதுகுவலி. மிளகு ரசம் வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

காலையில் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் நிரப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஓவியாவுக்கு ஸ்கூலில் லீவ் லெட்டர் எழுதின கையெழுத்தில்.

விண்ணப்பதாரர் குழந்தைவேல் உயிருடன் இருக்கிறாரா? ஆம். 9-ஆம் தேதி நேரில் பார்த்தேன்.

பதிவான விலாசத்தில் இயங்கும் தொழிலின் உரிமையாளர்? சுலோச்சனா. பத்தொன்பது வருஷமாக. கைப்பேசி எண் என்னுடையது.

விண்ணப்பதாரருக்கும் இத்தொழிலுக்கும் உள்ள தொடர்பு? ஊழியராக இருந்தார். போன ஆகஸ்டில் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

பத்தே காலுக்கு வந்தார். கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முதல் வரிக்குத் தலையாட்டினார். இரண்டாவது வரியில் நின்றார். மூன்றாவதைப் படித்துவிட்டுத் திரும்ப மேலே போனார்.

"என்ன எழுதியிருக்கற நீ?"

"நடந்ததைங்க."

"இதைக் குடுத்தா கடை உன்னுதுன்னு ஆயிருமே."

"ஆமாங்க."

"நான் ஊழியனா?"

"மோட்டார் ஏத்தி இறக்குனீங்க, ஆர்டர் புடிச்சீங்க. நல்லாத்தான் பாத்தீங்க. அதையும் எழுதணும்னா எழுதித் தர்றேனுங்க. இடம் இருக்குது."

அவர் முகம் சிவந்தது. குரல் உயரும் என்று நினைத்தேன். ஃபாரத்தைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "குடுக்கலைன்னா?" என்றார்.

"குடுக்கலைன்னா செத்தவராவே இருக்கலாமுங்க. எனக்கு ஆட்சேபம் இல்லை."

"விதவைன்னு போட்டிருந்தா உனக்கு எப்பவோ கெடைச்சிருக்குமாமே. ஓவியா சொன்னா."

"கெடைச்சிருக்குமுங்க."

"ஏன் போடலை?"

எதையாவது எதிர்பார்த்துக் கேட்டார் என்று பட்டது. கொஞ்சம் பாசம், கொஞ்சம் பழையது. கண் அப்படித்தான் இருந்தது.

"உங்ககிட்ட இருந்து வந்ததா இருக்க வேண்டாம்னுதானுங்க," என்றேன்.

பேனா கேட்டார். அக்கா எழுந்து போய்த் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். கண் மங்கலான அக்கா, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். போட்டார். ஃபாரத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

அவர் ரோட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அக்கா வார்னிஷ் டப்பாவை மூடி வைத்தார். பிறகு இரண்டு பேரும் பத்து எச்.பி.யைப் பிரித்தோம்.

மார்ச் 14

ஒன்றும் வரவில்லை. சிவப்புதான்.

மார்ச் 16

சிவப்பு. சமர்ப்பிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். அந்தச் சர்வீஸ் சென்டர் அவருக்கு வேண்டும் என்றேன். தைரியமாகச் சொன்னேன். ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

மார்ச் 18, புதன்

பத்து மணிக்கு என் போனில் ஒரு மெசேஜ். தொழில்முகத்திலிருந்து. ஓவியா காயில் ஒர்க்ஸ், உரிமையாளர் சுலோச்சனா, பதிவை உறுதி செய்ய இந்த எண்ணைப் பதியவும். கீழே ஆறு இலக்கம்.

சட்டென்று பதியவில்லை. பதினாலு பக்கத்தையும் எடுத்து முதல் வரியிலிருந்து இன்னொரு தரம் படித்தேன். பத்து நிமிஷத்தில் காலாவதியாகும் என்று இருந்தது, ஆயிற்று. மறுபடி அனுப்பச் சொன்னேன், புதிது வந்தது. அதுவும் காலாவதியானது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தட்டித் தொலையேன் அம்மணி."

"படிச்சு முடிக்கலைங்கக்கா."

ஊழியர்கள் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன். பேர் எழுத இடம் கேட்கவில்லை. விளக்கம் என்கிற பெட்டியில் 'பாப்பாத்தி, காயில் கட்டுபவர், பதினோரு வருஷம்' என்று எழுதினேன். அக்கா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

பதினொன்றே முக்காலுக்கு மூன்றாவது எண் வந்தது. பதிந்தேன். பச்சையாயிற்று. தனசேகர் சாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

இந்த எண்ணை யாரிடமும் பகிராதீர்கள் என்று மெசேஜின் கடைசியில் எழுதியிருந்தது. பகிரப்போவதில்லை. இங்கேகூட எழுத மாட்டேன்.